வெள்ளை ஹோஸ் விவகாரம்

அத்தியாயம் 6

குப்பைப் பீப்பாய்க்குள் இடுப்புவரை தலைகீழாகக் கிடக்கிறவனிடம் யாரும் அறிவுரை கேட்க மாட்டார்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். டிரெய்லர் வீடு வாங்காதீர்கள். வாங்கியே தீருவேன் என்று அடம்பிடித்தால், கக்கூஸுக்குக் கீழே ஒரு தொட்டி இருக்கும், ஊரே அதைக் கறுப்புத் தொட்டி என்கிறது, அதன் வால்வை முக்கால்வாசி நிறையும்வரை மூடியே வையுங்கள். திறந்து போட்டால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மிச்சம் உள்ளே கோபுரம் கட்டும். சுவரில் மினுக்குகிற விளக்குகள் தொட்டி காலி என்று சொன்னால் நம்பாதீர்கள். அவை இதுவரை ஒரு உண்மை பேசி நான் பார்த்ததில்லை. டிரெய்லர் விற்கிற கடையில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். இப்போது நிஜமாகவே குப்பை கிளறுகிறேன்.

"என்ன கிடைச்சுது?" என்றாள் வில்மா டாக்கெட். காற்று வரும் பக்கமாகப் பார்த்து, மடிப்பு கலையாத சட்டையோடு நின்றிருந்தாள்.

"ஒரு டயப்பர். அதுக்கு அண்ணன் டயப்பர். யாரோ வறுத்து மறந்த பன்றிக்கறி. மனுஷங்க மேல எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதை, அதுவும் அடியில கிடக்கு."

"ஹோஸைத் தேடு, லைல்."

வில்மா இருபத்தைந்து வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் சேதம் பார்க்கும் வேலையில் இருந்தவள். கூரை ஒழுகியதா, ஒழுக விட்டார்களா என்று ஒரு கறையைப் பார்த்தே சொல்வாள். ஓய்வு பெற்ற பிறகு துப்பறிகிறாள். நான் அவள் உதவியாளன். அதாவது அசிங்கமான வேலைகளெல்லாம் என்னுடையவை.

இந்த வழக்கில் எங்களைக் கூப்பிட்டது ஓர்வில் லூண்ட் என்ற கிழவர். வடக்கே பனி கொட்டும்போது பாலைவனத்தில் யூமாவுக்குப் பக்கத்தில், டிரெய்லர்களை வரிசையாக நிறுத்திக் குடியிருக்கிற இந்த மெஸ்கிட் பெண்ட் டிரெய்லர் பார்க்குக்கு மனைவியோடு வந்து இறங்குவார், பனி உருகியதும் திரும்புவார். அவர் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அதை நான்தான் செஞ்சேனான்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. எனக்கு ஞாபகம் இல்ல. அது போதும்."

'அது' என்ன என்று சொல்ல எனக்கே குமட்டுகிறது. டிரெய்லர்க்காரர்களிடம் வேறு எந்த ஒழுக்கமும் இல்லாவிட்டாலும் ஒன்று உண்டு. வெள்ளை ஹோஸ் குழாய் குடிதண்ணீருக்கு. கறுப்பு ஹோஸ் கக்கூஸ் தொட்டியைக் கழுவுவதற்கு. இரண்டும் ஒரே பெட்டியில்கூடப் படுக்கக் கூடாது. பெண்டாட்டியை ஏமாற்றினவனோடு இவர்கள் சீட்டாடுவார்கள். ஹோஸை மாற்றிப் போட்டவனோடு பேச மாட்டார்கள்.

போன திங்கட்கிழமை காலையில் பக்கத்து இடத்துக்காரன் கேலார்ட் பிரிக்ஸ் போட்ட சத்தத்தில் பார்க்கே கூடியது. அவன் கையில் லூண்ட் வீட்டு வெள்ளை ஹோஸ். அதைக் கறுப்புத் தொட்டியைக் கழுவ டிரெய்லரின் பக்கவாட்டில் வைத்திருக்கிற குழாய் வாயிலிருந்து அப்போதுதான் கழற்றினதாகச் சொன்னான். நுனியிலிருந்து சொட்டியது என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓர்விலின் மனைவி நாடீன் அதற்கு முந்தின சாயங்காலம்தான் வயிறு கெட்டு, காய்ச்சல் ஏறி, ஆம்புலன்ஸில் போயிருந்தாள். இரண்டு வாரமாகவே அவள் படுத்த படுக்கை, ஓர்விலுக்கு லேசான வயிற்றுப்போக்கு. ஏன் என்பது இப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கிழவருக்குப் புத்தி பிசகி, கட்டின மனைவிக்குக் கக்கூஸ் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்.

எல்லோரும் சொன்னதும் ஓர்விலும் நம்பிவிட்டார். ஹோஸை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, பீப்பாயில் அவரே எறிந்தார். நாடீன் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளிடம், கணவரை உள்ளே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டாளாம். இன்று மத்தியானம் மகன் ட்வைட் வண்டியோடு வந்து டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகப்போகிறான். ஓர்விலுக்கு ஃபீனிக்ஸில் ஒரு முதியோர் விடுதி பார்த்தாயிற்று. சாவிக்கொத்தை அவர் ஏற்கெனவே படிக்கட்டில் எடுத்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் கிடைத்தது. பன்றிக்கறிக்குக் கீழே, பாம்பு போலச் சுருண்டு. வெளியே இழுத்தபோது உள்ளே தங்கியிருந்தது கொஞ்சம் என் முழங்கையில் வழிந்தது. சட்டையைக் கழற்றி அதே பீப்பாயில் போட்டேன். வில்மா என்னிடம் ஒரு வார்த்தை அனுதாபம் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை இறக்கி ஹோஸின் நுனியைப் பார்த்தாள்.

"இதுல ஏதோ குறையுது."

"வாசனைத் திரவியமா?"

"பித்தளை."

லூண்ட் வீட்டு ஹோஸ்களில் எல்லாம் ஓர்வில் பித்தளை இணைப்பு போட்டிருந்தார். திருக வேண்டாம், தள்ளினால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். அவர் விரல் முட்டிகளில் மூட்டுவாதம், மடங்காது. ஹோஸ் வேலையெல்லாம் அதனால்தான் நாடீன் பார்த்தாள், அவளுக்கும் கையில் பலம் இல்லை. இந்த நுனியில் அந்தப் பித்தளை இல்லை, வெறும் மரை மட்டும். மரையின் ஓரத்தில் புதுசாகக் கீறல், ஸ்பேனர் கடித்த தடம்.

வில்மா படிக்கட்டுக்குப் போய் ஓர்விலிடம் அந்த இணைப்பைப் பற்றி விசாரித்தாள். அவர் தரையைப் பார்த்தபடி, மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி பதில் சொன்னார். எல்லா இணைப்பும் ஒரே அளவுதான், அதனால் ஹோஸை மாற்றி மாட்டிவிட வாய்ப்பு உண்டு, அந்தப் பயத்தில் உள்ளே ஒரு சின்னத் தடுப்பு வைத்த ரகமாகப் பார்த்து வாங்கினார், தண்ணீர் முன்னால் போகும், பின்னால் வராது. வெள்ளை ஹோஸ் என்று தெரிய நாடீன் அந்த இணைப்பில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள். சொல்லி முடித்துவிட்டு, "ட்வைட் வந்துடுவான்" என்றார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைக்கவில்லை.

எனக்கு உறைத்தது. தள்ளி வந்ததும் கேட்டேன். "அப்போ தெரியாம மாத்தி மாட்டியிருந்தாலும் அசிங்கம் பின்னுக்கு வந்திருக்காது?"

"வராது. வரணும்னா பித்தளையைக் கழட்டணும். அதைக் கழட்ட ஸ்பேனர் வேணும், மடங்குற விரல் வேணும். மறதி ஸ்பேனர் தூக்கிட்டு வராது, லைல்."

"மகன்காரன்தான். விடுதி எல்லாம் முன்கூட்டியே பாத்து வச்சிருக்கான்."

"அவன் வேலை செய்யறது ஃபீனிக்ஸ்ல, மூணு மணி நேரம் வண்டி ஓட்டணும். ரெண்டு வாரம் தினம் வந்து குழாயைத் தொட்டுட்டுப் போனா இந்தப் பார்க்குல தெரியாம இருக்குமா? இங்க ஒருத்தன் கக்கூஸ் போனாலே ஊருக்குத் தெரியும்."

அது உண்மை. சுவர்கள் அவ்வளவு மெல்லிசு.

கேலார்ட் பிரிக்ஸ் எங்களை வரவேற்ற விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்காலி துடைத்துப் போட்டான், எனக்குத் தன் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தான், காப்பி கொண்டுவந்தான். அறுபது தாண்டின, சவரம் பளபளக்கிற மனிதன். அவன் டிரெய்லரும் அப்படித்தான். கூரை ஓரத்துப் பசை வெடித்திருக்கிறதா என்று வருடத்துக்கு இரண்டு முறை ஏறிப் பார்ப்பானாம். எலி நுழையும் ஓட்டைகளில் இரும்பு நார் அடைப்பானாம். டயர் தேய்ந்ததா என்று பார்ப்பவன் முட்டாள், அதற்கு எத்தனை வயசு என்றுதான் பார்க்க வேண்டுமாம். எல்லாமே சரியான பேச்சு. சரியாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஏனோ பற்றிக்கொண்டு வரும், ஆனால் வெயிலில் பீப்பாய் கிளறின களைப்பு. காப்பியை ஒரே மூச்சில் குடித்து இன்னொரு கோப்பை வாங்கினேன்.

லூண்ட் தம்பதியைப் பற்றி அவனே பேச்செடுத்தான். பாவம் மனுஷன், போன வருஷமே தடுமாற்றம் தெரிந்தது, நான்தான் மூடி மறைத்தேன் என்றான். வில்மா இரண்டு டிரெய்லருக்கும் நடுவில் நின்ற குழாயைக் காட்டினாள். ஒரே குழாய், மேலே இரண்டாகப் பிரிந்து ஒன்று லூண்ட் வீட்டுக்கு, ஒன்று இவனுக்கு. அந்தத் தண்ணீரைக் குடிக்கப் பயம் இல்லையா என்று கேட்டாள்.

கேலார்ட் சிரித்தான். கெட்டது அவர்கள் ஹோஸ்தான், குழாய் இல்லை, இந்தக் குளிர்காலம் முழுக்க தான் குடித்தது இந்தக் குழாய்த் தண்ணீர் ஒன்றைத்தான் என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான். டச்சஸ் என்கிற அவன் நாய் அதைக் கேட்டு வாலாட்டியது. அதன் கிண்ணம் காலியாக இருந்தது. பேசிக்கொண்டே மேசைக்கு அடியிலிருந்து கடையில் வாங்கின தண்ணீர் கேனை எடுத்துக் கிண்ணத்தை நிரப்பினான். நாய் சளப் சளப் என்று நக்கியது.

பிறகு தன் முன்பந்தலைக் காட்டிப் பெருமை பேச ஆரம்பித்தான். நாடீனை ஆம்புலன்ஸில் கொண்டுபோன அந்த ஞாயிற்றுக்கிழமை அடித்த மண்காற்றில் பாதிப் பேருடைய பந்தல் துணி கிழிந்து பறந்துவிட்டது. இவனுடையது அசையவில்லை. காலித் தண்ணீர் கேன்களில் மணல் நிரப்பி, பந்தலின் ஓரம் முழுக்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். காற்று வரப்போகிறது என்று வானொலியில் சொன்னதுமே கட்டிவிட்டானாம். முன்யோசனை வேண்டும் என்றான்.

வில்மா தலையாட்டினாள். அவள் காப்பி அப்படியே ஆறி ஆடை கட்டியிருந்தது. ஓர்விலுக்குப் புது ஹோஸ் போட வேண்டும், ஒரு பித்தளை இணைப்பு இரவல் கிடைக்குமா என்று கேட்டாள். டிரெய்லர் பார்க்கில் இதற்கு இல்லை என்று சொல்கிறவன் மனிதனே இல்லை. கேலார்ட் ஒரு பழைய காப்பித் தகரத்தைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தான். ஒவ்வொரு டிரெய்லர்க்காரனிடமும் இப்படி ஒரு தகரம் உண்டு. வாஷர், மரை, உடைந்த வால்வு, எதற்கென்றே தெரியாத திருகாணி, எதையும் எறிய மனம் வராது.

வில்மா விரலால் மெதுவாகத் துழாவினாள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"கேலார்ட், இந்தக் கேன்களையெல்லாம் ஞாயித்துக்கிழமை காத்துக்கு முன்னாடியே கட்டிட்டீங்க, இல்லையா?"

"ஆமா. அதான் சொன்னேனே."

"ஹோஸ் கெட்டதுன்னு ஊருக்குத் தெரிஞ்சது திங்கட்கிழமைதான். மணல் போடறதுக்கு முன்னாடி அதுல தண்ணி இருந்திருக்கும். அத்தனையும் யார் குடிச்சது? நீங்கதான் குழாய்த் தண்ணி மட்டும் குடிக்கறவராச்சே."

அவன் பந்தலைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். "நாய்" என்றான்.

"நாய்க்குக் கேன் தண்ணி. லைலுக்குக் குழாய்த் தண்ணி."

நான் என் கோப்பையைப் பார்த்தேன். இரண்டாவது கோப்பை, அடிவரை குடித்திருந்தேன். குழாய் ஒன்று, கிளை இரண்டு. அந்தப் பக்கம் பின்னுக்கு ஏறினது இந்தப் பக்கம் இறங்காமல் எங்கே போகும்? எழுந்து ஒரு கள்ளிச்செடி வரைக்கும்தான் என்னால் போக முடிந்தது. வாய் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, வில்மா உள்ளங்கையை விரித்திருந்தாள். பித்தளை இணைப்பு. சுரண்டியும் போகாமல் ஓரத்தில் ஒட்டியிருந்தது சிவப்பு நகப்பூச்சு.

"இது ஏன் உங்க தகரத்துல இருக்கு?"

கேலார்ட் அப்போது சொன்ன பதிலை எந்த ஊர்த் திருடனும் சொல்லியிருக்க மாட்டான். டிரெய்லர்க்காரன்தான் சொல்வான்.

"நல்ல பித்தளை" என்றான். "தூக்கிப் போட மனசு வரல."

அதன்பிறகு அவன் மறைக்கவில்லை. இரண்டு வாரமாக, விடிவதற்குள் பித்தளையைக் கழற்றி, ஹோஸைத் தொட்டி கழுவுகிற வாயில் திருகி, தண்ணீரை அடைத்து, தொட்டியில் இருப்பதைப் பின்னுக்கு உறிஞ்ச விட்டு, மறுபடி பித்தளையோடு குடிதண்ணீர் வாயிலேயே மாட்டி வைத்திருக்கிறான். அதற்கு முன்பே தனக்குக் கேன் வாங்கி அடுக்கிவிட்டான். நாடீனை ஆம்புலன்ஸில் ஏற்றின மறுநாள் காலையில், தானே கண்டுபிடித்த மாதிரி கூச்சல் போட்டான். கடைசி நேர அவசரத்தில் பித்தளையைத் திரும்ப மாட்டவில்லை.

ஏன் என்று கேட்டேன். ஏதாவது பழைய பகை, பெரிய துரோகம், அப்படி இருந்தால் என் வயிற்றுக்காவது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவன் லூண்ட் வீட்டு மரத்தைக் காட்டினான். மூலை இடம். அங்கேதான் இந்த வரிசைக்கே ஒரே ஒரு மெஸ்கிட் மரம் நிற்கிறது. அந்த இடம் காலியானால் அடுத்த மூத்த குடித்தனக்காரனுக்குப் போகும் என்பது பார்க் வழக்கம். அடுத்த மூத்தவன் இவன்.

"மத்தியானம் பூரா ரெண்டு பேரும் அந்த நிழல்ல சும்மா உக்காந்திருப்பாங்க" என்றான். "நான் இங்க வெந்துக்கிட்டு இருப்பேன். அவ சாகணும்னு நினைக்கல. வயிறு கொஞ்சம் கெட்டா ஊரைப் பாக்கப் போயிடுவாங்கன்னு நினைச்சேன். போகல. கிழவன் தினமும் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கிட்டே இருந்தான்."

பீப்பாயில் தலையை விட்டபோது இவ்வளவு அருவருப்பு வரவில்லை. அந்த டீயை ஓர்வில் மடங்காத விரல்களால் கலக்குவதைப் பக்கத்திலிருந்து இவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான், நாயின் கிண்ணத்தில் கேன் தண்ணீர் ஊற்றியபடி. அவன் கொடுத்த சட்டையைக் கழற்றி அவன் மடியில் எறிந்தேன். வெற்று உடம்போடு நிற்பது எவ்வளவோ மேல்.

ஷெரீஃப் அலுவலகத்து வண்டி வரும்வரை வில்மா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கேலார்ட் ஓடவில்லை. டிரெய்லரைக் கொக்கியில் மாட்டாமல் எங்கும் போகத் தெரியாத ஜென்மம். வண்டியில் ஏற்றும்போதுகூடப் பந்தல் துணியை யாராவது சுருட்டிவிடுங்கள் என்றுதான் சொன்னான். யாரும் சுருட்டவில்லை.

மத்தியானம் ட்வைட் வந்தபோது நாங்கள் ஓர்வில் பக்கத்தில் நின்றிருந்தோம். வில்மா எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. அவர் மூன்று தடவை கேட்டார், நான் இல்லையா, நான் இல்லையா என்று. இல்லை என்று மூன்று தடவையும் சொன்னோம். அவர் முகம் தெளியவில்லை. பித்தளை இணைப்பை வாங்கிச் சிவப்புப் பொட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவ என்னைப் பாக்க மாட்டேன்னுட்டா" என்றார். "இதைச் சொன்னாலும் நம்புவாளா? டீ போட்டுக் கொடுத்தது நான்தானே."

ட்வைட் செல்பேசியை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டான். நல்ல பையன்தான், நான் தப்பாக நினைத்துவிட்டேன். அம்மாவிடம் நடந்ததைச் சொன்னான். அவன் ஒலிபெருக்கியைப் போட்டு அப்பாவின் மடியில் வைத்தான்.

"ஓர்வில்" என்றது அந்தக் குரல். மெலிந்து, வறண்டு இருந்தது. "ஹோஸ் மாட்டறது நான்தானே. காய்ச்சல்ல எழுந்து போய் நான்தான் மாத்தி மாட்டி, உனக்கும் அதையே குடிக்கக் கொடுத்துட்டேன்னு நினைச்சேன். ஊரெல்லாம் உன்னைச் சொல்லுதுன்னு ட்வைட் சொன்னான். வாயைத் திறந்து நான்தான்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. எந்த முகத்தோட உன்னைப் பாப்பேன்?"

வில்மா திரும்பி மரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். நானும் வேறு எதையாவது பார்க்கலாம் என்று தேடினேன்.

"நான் இப்பவே வர்றேன்" என்றார் ஓர்வில். எழுந்தே விட்டார். "ஒரு குளியல் போட்டுட்டு வந்துடறேன்."

"அந்தத் தண்ணியிலயா? வேண்டாம். அப்படியே வா."

"நாடீன், நான் ஒரு வாரமா குளிக்கல. நாறுவேன்."

"நாறினா நாறட்டும்" என்றாள் அவள். "வா."